சுவருக்கு அங்கிட்டு

ஏழாவது தடவையும் இருதயம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது அவன் இல்ல," என்றாள். "தகரத்துல தட்டுற மாதிரி இருக்கு. யாரையோ பேச வச்சிருக்கீங்க."

கட்டிலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் கதிரையின் மேல் மகள் ஜெசிந்தினியின் லெப்டொப் இருந்தது. அதன் இரண்டு பக்கமும், பதுளையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். திரையில் அண்ணன் றொனியின் குரல் ஒரு பச்சைக் கோடாக நின்றது. கட்டாரிலிருந்து நேற்று வந்த வாட்ஸ்அப் செய்தி, முப்பத்தொரு விநாடி. 'அம்மா, நான் றொனி பேசுறேன். நான் நல்லா இருக்கேன். பயப்படாதீங்க. பாதர் வந்தா எண்ணெய் பூசிக்கோங்க.'

"றொனி தம்பி கொரலேதான் இருதயம்," என்றாள் வேலாயி. கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேல் லயத்துக்காரி, இருதயம்மாவோடு முப்பது வருசம் ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். "எனக்கே தெரியுது, பெத்தவளுக்குத் தெரியலயா?"

"ஒனக்கு என்ன தெரியும். கோழி கத்தினா நரின்னு சொல்றவ நீ."

சொல்லி முடித்ததும் இருதயம்மாவுக்கு மூச்சு நின்றது. ஜெசிந்தினி மனதுக்குள் எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. பிறகு ஒரு இழுப்போடு திரும்பி வந்தது. காலையில் இந்த இடைவெளி ஆறுதான்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம். சீனி வியாதி கண்ணை இரண்டு வருசத்துக்கு முன்பே எடுத்துவிட்டது. போனில் முகத்தைக் காட்டுவதால் பயனில்லை. லயத்து வரிசை வீடுகளில் சிக்னலும் ஒழுங்காக நிற்காது. கோல் எடுத்தால் அறுந்துபோகும், குரல் செய்தி மட்டும் மெதுவாக இறங்கும். காலையில், சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலுக்கு வந்த பாதரிடம் இருதயம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "என் மகன் உசுரோட இருக்கானா இல்லயா, அத மொதல்ல சொல்லுங்க. பொய் சொல்ற வீட்ல நான் எண்ணெய் பூசிக்க மாட்டேன்." தோட்டத்தின் கீழ் டிவிசனுக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பி வருவதாகச் சொன்ன பாதர், படியிறங்கும்போது ஜெசிந்தினியை ஒரு தடவை பார்த்தார்.

பொய் சொல்ற வீடு. அந்தச் சொல் யாருக்கு என்று ஜெசிந்தினிக்குத் தெரியும். மீரியபெத்தயில் மலை சரிந்து மண் இறங்கியபோது சின்னம்மா தன் லயத்தோடு புதைந்துபோனாள். 'சின்னம்மா ஆஸ்பத்திரியில இருக்கு, கால்லதான் அடி' என்று அம்மாவிடம் சொன்னவள் அவள்தான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லச் சொன்னார்கள். மூன்று நாள் அம்மா காலையில் எழுந்து கஞ்சி வைத்து பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தாள். மூன்று நாளும் ஜெசிந்தினி அதைக் கொண்டுபோய் றோடு வளையும் முடக்கில் ஊற்றிவிட்டு, வெறும் பிளாஸ்கோடு திரும்பி வந்து, "குடிச்சாங்க" என்றாள்.

இப்போது உண்மையைச் சொல்கிறாள். அதை நிரூபிக்கத்தான் வழி தெரியவில்லை.

பதுளையில் ஜௌபர் நானாவின் ஸ்டூடியோவில் பஸ் விளம்பரம், கடை விளம்பரம், கல்யாண வீட்டுப் பாட்டு எல்லாம் பதிவது அவள் வேலை. குரலில் என்ன குறை என்று அவளுக்கு முதல் தடவை கேட்டபோதே புரிந்தது. போன் மைக் மனிதக் குரல் முழுவதையும் எடுப்பதில்லை. சொல் விளங்கினால் போதும் என்பது அதன் கணக்கு. நெஞ்சிலிருந்து வரும் அடிச்சத்தத்தை வெட்டிவிடும். பின்னால் ஓடும் மெசின் இரைச்சலைத் துடைக்கும். துடைக்கும்போது சொல்லின் வாலையும் சேர்த்துத் துடைத்துவிடும். பிறகு அனுப்புவதற்காக இன்னொரு முறை சுருக்கும். இங்கே வந்து சேருவது குரலின் எலும்பு.

எலும்புக்குச் சதை வைக்க அவள் முதலில் அடிச்சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். தண்ணீர் வராத குழாயை எவ்வளவு திறந்தாலும் காற்றுதான் வரும். இரைச்சல் மட்டும் எழுந்தது. அடுத்து, மேலே மிஞ்சியிருக்கும் அதிர்வுகளை வைத்துக் கீழே என்ன இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு உண்டாக்குகிற மென்பொருள். "பூதம் மாதிரி பேசுறான்," என்றாள் அம்மா.

கடைசியாகக் கசெட். ஜௌபர் நானா அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய டெக்கையும் அவள் பையில் கொண்டுவந்திருந்தாள். கணினியில் சத்தத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டுவது கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். காதுக்கு அது கீறலாக விழும். காந்த நாடாவில் அப்படிக் கத்தி இல்லை. சத்தம் கூடக் கூட நாடா கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுக்க மறுக்கும். உச்சிகள் வெட்டுப்படாமல் உருளும். அந்த உருளலில், மூலத்தில் இல்லாத மெல்லிய துணைச்சத்தங்கள் பிறந்து குரலைத் தடிப்பாக்கும். கூரான மேற்சத்தமும் சற்று மங்கும். ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் 'பழைய பாட்டு மாதிரி, சூடா இருக்கணும்' என்று கேட்பது இதைத்தான். றொனியின் குரலை நாடாவில் ஏற்றி, அதிலிருந்து திரும்ப லெப்டொப்பில் இறக்கினாள். கேட்டபோது அவளுக்கே அண்ணன் பக்கத்தில் வந்து நின்றதுபோல் கழுத்து சிலிர்த்தது.

அதுதான் ஏழாவது. அதைத்தான் அம்மா இப்போது தகரம் என்றாள்.

மணி ஒன்றே முக்கால். சரி பிழை பார்க்க எப்போதும் இரண்டு சத்தம் வேண்டும் என்று ஜெசிந்தினி யோசித்தாள். ஒன்று கையில் இருப்பது; மற்றது கேட்பவரின் மனதில் இருப்பது. கையில் இருப்பதை ஏழு தடவை மாற்றியாகிவிட்டது. அம்மாவின் மனதில் இருப்பது எது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

குனிந்து காதோரம் கேட்டாள். "அம்மா, அண்ணன் பேசினா ஒங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

வேலாயி தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அவன் என்ன அம்மான்னு கூப்பிட்டு ஒம்பது வருசமாச்சு," என்றாள் இருதயம்மா. "இந்த ஆளு வாயத் தொறந்தா அம்மாங்கிறான். பொய் சொல்றவங்க கொஞ்சம் விசாரிச்சிட்டுச் சொல்லணும்." ஒரு இழுப்பு. "அங்கிட்டு சத்தம் அடங்கி ஒரு மாசமாச்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"எங்கிட்டு?"

இருதயம்மாவின் கை போர்வைக்கு வெளியே வந்து சுவரை ஒரு தடவை தொட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் றொனியின் ஒற்றை அறை வீடு, அவனுடைய காம்பரா. ஒன்பது வருசத்துக்கு முன்பு அவன் விஜயலெட்சுமியை முருகன் கோயிலில் வைத்துத் தாலி கட்டிக் கூட்டிவந்தான். மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று கட்டவில்லை என்று இருதயம்மா அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினாள். அவனும் நிறுத்தினான். ஆனால் ஒரே லயத்தில் ஒரே சுவரை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது யாரால் முடியும்? ஜாடையாகப் பேசிக்கொண்டார்கள். அவன் மனைவியை ஏசுவதுபோல் அம்மாவுக்குச் சொல்லுவான். அம்மா அடுப்பையோ பூனையையோ ஏசி அவனுக்குப் பதில் சொல்லுவாள். அவன் கட்டாருக்குப் போய் நாலு வருசம். அதோடு அது முடிந்துவிட்டது என்றுதான் ஜெசிந்தினி நினைத்திருந்தாள்.

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் செருப்புச் சத்தம். விஜயலெட்சுமி கஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். இந்த ஒரு மாதமும் அவள் அப்படித்தான், வைப்பாள், போய்விடுவாள். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை. அவள் குனிந்தபோது கழுத்தில் கறுப்பு வயர் ஒன்று தொங்கியது.

ஜெசிந்தினி எழுந்து வெளியே வந்தாள்.

"அண்ணி, இது என்ன?"

"இயர்போன். அவரு வாய்ஸ் போட்டா கேக்குறதுக்கு."

"எப்ப இருந்து இதுல கேக்குறீங்க?"

"மாமிய ஆஸ்பத்திரியில இருந்து கொண்டுவந்த அன்னைக்கி இருந்து." விஜயலெட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "சீக்காளிக்குத் தூக்கம் கெடும் இல்லயா. முன்ன எல்லாம் சத்தமாத்தான் போடுவேன். அவரு பேசுற பேச்சுக்கு லயமே கேக்கும்."

ஜெசிந்தினி கொஞ்ச நேரம் அந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, சுவருக்கு அங்கிட்டுச் சத்தம் அடங்கியதால்தான் அண்ணன் செத்துவிட்டதாக அம்மா நம்புகிறாள் என்பதைச் சொன்னாள். விஜயலெட்சுமி சுவரில் சாய்ந்தாள். வயரைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் சுருட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி சுருட்டினாள்.

"நான் நல்லதுக்குன்னுதான் செஞ்சேன் ஜெசி."

"தெரியும் அண்ணி."

"பழைய வாய்ஸ் எல்லாம் இருக்கு. நூறு இருக்கும். இப்பவே ஒண்ணப் போடவா?"

போடலாம். அம்மா ஒரு நொடியில் நம்பிவிடுவாள். எண்ணெய் பூசிக்கொள்வாள். ஜெசிந்தினியின் கை அந்தப் போனுக்கு நீண்டது. அன்று பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்தது அதே கைதான்.

"வேணாம்," என்றாள். "பழசு வேணாம். இன்னைக்குப் பேசினது வேணும்."

கட்டாரில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி. இங்கே இரண்டரை. தண்ணி டேங்கிக்கு மேலே உள்ள முடக்கில்தான் சிக்னல் நிற்கும். தேயிலைக்கு நடுவே படிப்படியாக ஏறி அங்கே போய் நின்றாள். நாலு தடவை கோல் எடுத்தாள், மணி போகவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தான்.

"அம்மா?" என்றான் றொனி. அந்த ஒரு சொல்லோடு நின்றான்.

"இருக்காங்க. அண்ணே, கேளு, அறுந்துரும். நேத்து அனுப்பினத அம்மா நம்பல. ஒரு வாய்ஸ் அனுப்பு. அம்மாவுக்கு இல்ல, அண்ணிக்கு. வழக்கமாப் பேசுற மாதிரி."

"என்னத்தப் பேச?"

"ஏசு."

"ஏசவா?"

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து அதத்தானே செய்ற. ஏசு."

"அம்மா சாகக் கெடக்குற நேரத்துல எப்புடி ஜெசி..."

"போன கெழம காத்துல கக்கூஸ் தகரம் பறந்துச்சே, அண்ணி சொன்னாங்களா? அதுக்கு ஏசு. அந்தச் சத்தம் அம்மாவுக்கும் கேட்டுச்சு. பழைய வாய்ஸ்னு நெனைக்கக் கூடாது."

அந்தப் பக்கத்தில் யாரோ அரபியில் கத்துவது கேட்டது. பிறகு கோல் அறுந்தது.

அவள் இறங்கி வரும்போதே முதல் செய்தி விஜயலெட்சுமியின் போனுக்கு வந்திருந்தது. 'விஜி...' என்று தொடங்கி எட்டு விநாடி வெறும் மூச்சு. கடைசியில் ஒரு விம்மல். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. 'திரும்பவும் பேசி அனுப்பு' என்று ஜெசிந்தினி எழுதினாள்.

மூன்றே கால். வேலாயி இஸ்தோப்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏ புள்ள, மூச்சு ரொம்ப விட்டு விட்டு வருது."

இரண்டாவது செய்தி வந்தது. ஆனால் இறங்கவில்லை. திரையில் சின்ன வட்டம் சுற்றியது, நின்றது, சுற்றியது. அதற்குள் ஜெசிந்தினி ஓடிப்போய் ஸ்பீக்கர்களை வயரோடு தூக்கிக்கொண்டு அண்ணியின் காம்பராவுக்கு வந்தாள்.

"இது எதுக்கு?" என்றாள் விஜயலெட்சுமி. "நான் இதுல போட்டதே இல்லயே."

"பெறகு எதுல போடுவீங்க?"

விஜயலெட்சுமி அலுமினியச் சோத்துப்பானையை எடுத்தாள். வெறும் பானை. "போனோட சத்தம் பத்தாது. இதுக்குள்ள போட்டுட்டா நல்லா கேக்கும். எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கும் இல்ல."

அவள் பானையைக் கொண்டுபோய் வைத்த இடத்தைப் பார்த்தாள் ஜெசிந்தினி. சுவரோரம் ஒரு பலகை. அதில் பானையின் அடி வட்டமாகப் பதிந்து கறுத்திருந்தது. அடுப்பு எதிர்ப் பக்கத்தில் இருந்தது. அடுப்பில் நிற்கிறவளுக்குக் கேட்கவேண்டுமானால் பானையை அங்கே வைத்திருக்க வேண்டும்.

"ஏன் அண்ணி இங்க வச்சீங்க?"

விஜயலெட்சுமி பானைக்குள் ஊதித் தூசியைத் தள்ளினாள்.

ஜெசிந்தினி சுவரை அண்ணாந்து பார்த்தாள். அது கூரையைத் தொடவில்லை. மேலே ஒரு முழ இடைவெளியைப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையால் அடைத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த சுவர். இப்போதுதான் அது ஒரு கருவியாகத் தெரிந்தது. பானையின் வயிறு தன் அளவுக்கு ஏற்ற சத்தத்தைப் பிடித்துத் தடிப்பாக்கும். போனின் கீச்சுச் சத்தங்கள் பலகையில் பட்டுச் செத்துவிடும். தடித்த சத்தம் மட்டும் பலகையை அதிரவைத்து அந்தப் பக்கம் போகும். சொல்லின் கூர்மை போய்விடும், ஆளின் குரல் போய்ச் சேரும். நாலு வருசமாக அம்மா கேட்ட றொனி அதுதான். நாடாவைவிடப் பழைய வேலை.

வட்டம் நின்றது. செய்தி இறங்கிவிட்டது.

"நான் அங்கிட்டுப் போனதும் போடுங்க," என்று ஜெசிந்தினி ஓடினாள்.

இருதயம்மாவின் வாய் திறந்திருந்தது. ஜெசிந்தினி கட்டிலருகே மண்டியிட்டு எண்ணத் தொடங்கினாள். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கில் சுவருக்கு மேலே குரல் வந்தது.

"ஏய் விஜி. கக்கூஸ் தகரம் பறந்து ஒரு கெழம ஆச்சுன்னு இன்னைக்கி சொல்ற. ஒனக்கு அறிவு இருக்கா? ஆணி அடிக்க ஆள் கெடைக்கலன்னா நாலு கல்ல ஏத்தி வைக்கிறதுக்கு என்ன. ராத்திரியில வயசானவங்க போற எடம்..." ஒரு தடுமாற்றம். "...வயசானவங்க நனைஞ்சா யாரு பாக்குறது? நான் இங்க இருந்து பறந்து வரவா? சொன்னா கேக்குற சாதியா நீங்க. கல்ல வை. வச்சிட்டு எனக்குச் சொல்லு."

சொற்கள் பாதி கரைந்திருந்தன. 'கல்ல' என்பதில் 'க' இல்லை. ஆனால் அது தொண்டையும் நெஞ்சும் உள்ள ஒரு ஆள் அடுத்த காம்பராவில் நின்று கத்துவதுதான்.

இருதயம்மாவின் புருவம் சுருங்கியது. வாயை மூடினாள். எச்சிலை விழுங்கினாள்.

"வேலாயி," என்றாள்.

"சொல்லு."

"கல்லு வச்சா தகரம் ஓட்டையாகும்னு யாராவது சொல்லுங்க. கட்டார்ல இருந்துக்கிட்டு மேஸ்திரி வேல பாக்குறான்."

வேலாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று ஜெசிந்தினிக்குத் தெரியவில்லை.

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லு," என்றாள் இருதயம்மா, யாரிடம் என்று இல்லாமல்.

இன்னொரு தடவை சுவர் பேசியது. மூன்றாவது தடவையும் பேசியது. அதற்குப் பிறகு அவளே கேட்டாள், பாதர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று.

நாலு மணிக்குப் பாதர் வந்தார். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். இருதயம்மா கைகளைத் தானே விரித்துக் காட்டினாள். வாசற்படிக்கு வெளியே விஜயலெட்சுமி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். பாதர் போன பிறகும் நின்றாள். ஜெசிந்தினி கஞ்சியில் இரண்டு கரண்டி ஊட்டினாள்.

"வேலாயி," என்றாள் இருதயம்மா. "கஞ்சியில உப்பு கூடிப்போச்சுன்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லு."

வேலாயி வாசலைப் பார்த்தாள். ஐந்தடி தூரம்.

"நாளைக்குக் கொறைச்சுப் போடுறேன்னு சொல்லுங்க பெரியம்மா," என்றாள் விஜயலெட்சுமி.

"கொறைச்சுப் போடுறாளாம்," என்றாள் வேலாயி.

இருதயம்மா தலையசைத்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடினாள். ஐந்தரை மணிக்கு மூச்சு ஒரு தடவை நின்றது. ஜெசிந்தினி எண்ணினாள். இருபதுக்குப் பிறகும் எண்ணினாள். நாற்பதில் வேலாயி கிட்ட வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

விஜயலெட்சுமி படியைத் தாண்டி உள்ளே வந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைத் துணியைக் கிழித்துத் தாடையைக் கட்டினாள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள்.

ஜெசிந்தினி தண்ணி டேங்கி முடக்குக்கு ஏறினாள். தேயிலைக்கு மேல் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. முதல் தடவையிலேயே மணி போனது.

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு அவளுடைய மூச்சே போதுமாக இருந்தது. வெகுநேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோல் அறுபடவில்லை.

"என் கொரல கேட்டாங்களா?" என்றான் றொனி.

"கேட்டாங்க."

"நான்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. கல்லு வச்சா தகரம் ஓட்டையாகுமாம். ஒன்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"எப்புடி ஜெசி? நேத்து அனுப்பினத நம்பலன்னு சொன்னியே. ஒன் ஸ்டூடியோ மெசின்ல போட்டு எதுவும் செஞ்சியா?"

"இல்லண்ணே. இன்னைக்கி அனுப்பினதுக்கு மெசின்ல ஒண்ணும் செய்யல. அண்ணி போன வெறும் சோத்துப்பானைக்குள்ள போட்டு, பானைய சுவத்தோரமா வச்சாங்க. அம்மா சுவத்துக்கு இங்கிட்டு இருந்து கேட்டாங்க. அவ்வளவுதான்."